ஹோம் தியேட்டர் அறைக்கு ஃபோம் ஒட்டுகிறவர்களிடம் ஏமாறாதீர்கள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் கவனத்துக்கு. ஒருவர் வீட்டு மாடியில் 10க்கு 12 அடி அறை. நாலு சுவரிலும் 1 அங்குல ஃபோம் ஒட்டி, ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்து 70,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். தவில் இசை போட்டால் வலந்தலையின் (விரலால் வாசிக்கும் வலப்பக்கம்) சொல் தெளியவில்லை, தொப்பி (கீழ்ச் சுருதி இடப்பக்கம்) மட்டும் குமுறுகிறது. கேட்டதற்கு, “ஆம்ப்ளிஃபயரை மாத்துங்க” என்று பதில்.

ஆம்ப்ளிஃபயரில் ஒரு குற்றமும் இல்லை. 1 அங்குல ஃபோம் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு (ஹெர்ட்ஸ் கூடினால் சுருதி கூடும்) மேல்தான் ஒழுங்காக உறிஞ்சும். அதற்குக் கீழே போகப் போகப் பெரும்பகுதி செங்கல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது என்றும் சொல்லி விற்கிறார்கள். ஃபோம் அதைத் தடுக்கவே தடுக்காது. போதாததற்கு, சீக்கிரம் தீப்பிடித்து விஷப்புகை கக்கும்.

ஸ்பீக்கர் பக்கச்சுவரிலிருந்து 2 அடி, நீங்கள் 10 அடி அகலத்தின் நடுவில், ஸ்பீக்கர் வரிசையிலிருந்து 7 அடி தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்கு 2 அடி முன்னால் சுவரில் பட்ட ஒலி, நேரே வந்ததற்கு 2 மில்லிசெகண்ட் பின்னால் காதுக்கு வரும். ஸ்பீக்கர் நேராகப் பார்த்தால் அது 45 பாகை பக்கவாட்டில் கிளம்பிய ஒலி. ஆகவே பக்கவாட்டில் ஸ்பீக்கர் எப்படிப் பாடுகிறது என்பதுதான் முக்கியம். வாங்குமுன் 45 பாகை தள்ளி நின்று கேளுங்கள். உச்சச் சுருதி ஒலி கொஞ்சம் குறையலாம். குரலே வேறு ஆளுடையது போல மாறினால் வேண்டாம்.

வசனத்துக்காக நடுவில் வைக்கும் செண்டர் ஸ்பீக்கர் என்று தலையில் கட்டுவதைப் பாருங்கள். படுக்கையாக இரண்டு வூஃபர் (கீழ்ச் சுருதி ஒலிக்கும் பெரிய கூம்பு), மையத்துக்கு மையம் 25 செ.மீ. 30 பாகை தள்ளி உட்கார்ந்தவருக்கு 1,370 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒன்றையொன்று அழித்துவிடும். வசனம் புரியாது, எந்த ஃபோமும் அதைச் சரிசெய்யாது.

உறிஞ்சத்தான் வேண்டுமென்றால், பக்கச்சுவரில் ஒலி பட்டுத் திரும்பும் இடத்தைக் கண்ணாடி வைத்துக் கண்டுபிடியுங்கள். ஒருவர் சுவரோடு கண்ணாடியை நகர்த்த, உட்காருமிடத்திலிருந்து ஸ்பீக்கரின் ட்வீட்டர் (உச்சச் சுருதி ஒலிக்கும் சின்னப் பகுதி) அதில் தெரிகிற இடம்தான் அது. அங்கே 2க்கு 4 அடிச் சட்டத்தில் 4 அங்குல ராக்வூல் (பாறையை உருக்கி நூற்ற பஞ்சு), 48 டென்சிட்டி (ஒரு கன மீட்டருக்கு 48 கிலோ), துணி போர்த்தி, சுவரிலிருந்து 2 அங்குலம் விட்டு மாட்டுங்கள். இடைவெளி விட்டால் இன்னும் கீழ்ச் சுருதி ஒலியையும் உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓதம் ஏறும் நம்மூர்ச் சுவருக்கு அது அவசியமும்கூட. ஒட்டிய ஃபோமுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். பக்கவாட்டிலும் ஒரே சீராகப் பாடும் ஸ்பீக்கர் என்றால் சுவரை வெறுமனே விட்டாலும் பாதகமில்லை.

முன்பணம் கொடுக்குமுன் பொருள், கனம், டென்சிட்டி மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். “அக்கௌஸ்டிக் பேனல்” என்று மட்டும் எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்.