நாட்டாமைக்கு இடம் தராத இரண்டு விமான ஆட்டங்கள்: நௌ போர்டிங்கா, ஸ்கை டீமா?

எல்லோரும் ஒரே அணியாக ஆடும் போர்டு கேம்களில் ஒரு தீராத தொல்லை உண்டு. ஆட்டம் நன்றாகத் தெரிந்த ஒருவர் நாட்டாமையாகி, மற்றவர்களின் முறையையும் அவரே ஆடிவிடுவார். பேண்டமிக் என்ற கூட்டு ஆட்டத்தை ஆடியவர்களுக்கு இது பழகிய காட்சி. விமானத்தை வைத்து வந்த இரண்டு ஆட்டங்கள் இதை வெவ்வேறு வழியில் முறியடிக்கின்றன.

டிம் ஃபவர்ஸ் உருவாக்கிய நௌ போர்டிங் (2018) நேரத்தை ஆயுதமாக்குகிறது. 2 முதல் 5 பேர், ஆளுக்கொரு விமானம், அமெரிக்க நகரங்களிடையே பயணிகளைக் கொண்டுசேர்க்க வேண்டும். திட்டமிட எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் புதிதாக வந்த பயணிகளின் அட்டைகள் அதுவரை கவிழ்ந்தே கிடக்கும். எந்த ஊரில் நிற்கிறார்கள் என்பது தெரியும், போகுமிடம் தெரியாது. மணற்கடிகாரத்தைத் திருப்பியதும் அட்டைகளைப் புரட்டி, எல்லோரும் ஒரே சமயத்தில் பறக்க வேண்டும். ஐந்து விமானங்களை ஒருவர் மேற்பார்க்க நேரமே இருக்காது.

புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஏற்றிய பயணியைத் தாங்களே கடைசிவரை கொண்டுபோகப் பார்ப்பார்கள். விமானம் நாட்டின் மறுகோடியில் காலியாக நிற்க, இங்கே கூட்டம் சேரும். பாதி வழியில் இறக்கி, அடுத்த விமானம் ஏற்றிக்கொள்வதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். சுற்று முடிவில் நிலையத்தில் காத்திருப்பவர்களுக்கே கோபக் கட்டை விழும். விமானத்தில் இருப்பவருக்கு விழாது. ஆகவே பொறுமை இழந்தவரை, போகும் திசை வேறானாலும், முதலில் ஏற்றிக்கொள்ளுங்கள். கோபம் முற்றினால் அது புகாராகும்; மூன்று புகார்கள் சேர்ந்தால் ஆட்டம் போச்சு. கட்டணப் பணத்தில் எல்லோரும் ஒரே மாதிரி மேம்பாடு வாங்குவதும் வீண். ஒருவர் இருக்கையைக் கூட்டினால் இன்னொருவர் வேகத்தைக் கூட்டட்டும்.

லூக் ரெமோனின் ஸ்கை டீம் (2023) இருவருக்கு மட்டும். 2024இல் ஜெர்மனியின் ஷ்பீல் டெஸ் யாரெஸ் (ஆண்டின் சிறந்த ஆட்டம்) விருது பெற்றது. பயணிகளைப் பற்றிய கவலை இதில் இல்லை. விமானியும் துணை விமானியும் ஏழு சுற்றில் விமானத்தை இறக்க வேண்டும். ஆளுக்கு நான்கு பகடைகளைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டியபின் வாய் திறக்கக் கூடாது. நாட்டாமைக்கு வாயே இல்லை!

ஒவ்வொரு சுற்றிலும் இருவருமே சமநிலைக்கு ஒரு பகடை, எஞ்சினுக்கு ஒரு பகடை வைத்தாக வேண்டும். மீதி இரண்டில்தான் சக்கரம், இறக்கை மடல், பிரேக், ரேடியோ எல்லாம். மடல்களை மேலிருந்து வரிசையாகத்தான் திறக்க முடியும். முதல் மடலுக்கு 1 அல்லது 2 வேண்டும் என்பதால், துணை விமானி சிறிய எண்ணை ஆரம்பத்திலேயே அங்கே செலவிடுவது நல்லது. வழியில் நிற்கும் விமானங்களை ரேடியோவால் அகற்றாமல் எஞ்சினை முடுக்கினால் மோதல்தான். பகடையின் எண்ணை ஒன்று கூட்டவோ குறைக்கவோ உதவும் காபி வில்லைகளைக் கடைசிச் சுற்றுக்கு மிச்சம் பிடியுங்கள். அங்கே விமானம் சாயாமல் இருக்க வேண்டும், வேகமும் பிரேக்குக்கு அடங்க வேண்டும்.

வீட்டில் இருவர்தான் என்றால் யோசிக்காமல் ஸ்கை டீம். இருவர் ஆடும்போது நௌ போர்டிங்கில் பயணியைக் கைமாற்றும் சுவை குறைந்துவிடுகிறது. நான்கு பேர் கூடினால் நௌ போர்டிங். கடிகாரம் பதற்றம் தரும் என்பவர்களை அதில் வற்புறுத்தி உட்கார வைக்காதீர்கள். ஸ்கை டீமிலும் சில விமான நிலையங்களில் நேரக் கட்டுப்பாடு சேரும், ஆனால் அது விரும்பினால் மட்டுமே. எளிய விமான நிலையமான மான்ட்ரியாலில் தொடங்கி, பழகியபின் அந்த நிலையங்களுக்குப் போகலாம்.