தொண்டைக்கு ஏற்ற பாட்டு அமைந்தால்: மார்ட்டினா மெக்பிரைடின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'

என்னிடம் இருப்பது யாரோ கேட்டுத் தேய்த்துவிட்டு விற்ற பழைய சிடி. 'ஐ லவ் யூ' பாட்டில் ஒரு கீறல். பல்லவி வந்ததும் 'ஐ லவ், ஐ லவ்' என்று திக்கிக்கொண்டே நிற்கும், 'யூ' வரவே வராது. எழுந்துபோய் அடுத்த பாட்டுக்குத் தள்ளுவேன். அதில் பெரிய வருத்தமில்லை. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

மார்ட்டினா மெக்பிரைட் கன்ட்ரி பாடகி. கன்ட்ரி என்பது அமெரிக்க நாட்டுப்புறத்திலிருந்து கிளைத்த இசை. இவர் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துக்காரர். கணவர், கன்ட்ரி நட்சத்திரம் கார்த் புரூக்ஸின் கச்சேரிகளில் ஒலி அமைப்பு வேலை பார்க்க, இவர் அதே பயணத்தில் டி-ஷர்ட் விற்றார். 1992இல் முதல் ஆல்பம். கொஞ்ச நாளில் அதே கார்த் புரூக்ஸின் மேடையில், அவருக்கு முன்பாகப் பாடும் தொடக்கப் பாடகராக வந்து நின்றார். 2001இல் வெளிவந்த இந்தத் தொகுப்பு அந்த முதல் பத்து வருடக் கணக்கு. கூடவே நான்கு புதுப் பாட்டு.

குரலைப் பற்றிப் பேச அதிகமில்லை, அது அப்படியொரு குரல். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பலருக்குச் சத்தம் மெலிந்து கீச்சிடும். இவருக்கு அங்கேதான் அகலமாகிறது. 'எ புரோக்கன் விங்' பாட்டின் கடைசியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார் பாருங்கள், ஹெட்ஃபோனில் கேட்டால் நமக்கு மூச்சு முட்டும். ஆனால் அந்த நீட்டல் வித்தை காட்டுவதற்காக அல்ல. மனைவியின் ஆசைகளை ஒவ்வொன்றாகக் கிண்டல் செய்தே அழித்த ஒருவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியேறிப் போய்ப் பார்க்கிறான். திறந்த ஜன்னல், ஒரு கடிதம், ஆள் இல்லை. அவள் போய்விட்டாள் என்பதைச் சொல் சொல்லாமல் குரல் சொல்கிறது.

பாட்டுக்குள் உடைக்க ஏதாவது இருந்தால்தான் இந்தத் தொண்டைக்கு வேலை. இல்லாவிட்டால் கடுகு தாளிக்க அண்டாவை அடுப்பில் ஏற்றிய கதைதான். 'வாலன்டைன்', 'ஐ லவ் யூ' வகையறா எனக்கு அப்படித்தான். இரண்டாவது ஜூலியா ராபர்ட்ஸின் 'ரன்அவே பிரைட்' படத்திலும் வந்து ஓகோவென்று ஓடிய பாட்டு. சரி, ஓடட்டும். என் சிடி சரியான இடத்தில்தான் கீறல் விழுந்திருக்கிறது.

'இண்டிபென்டன்ஸ் டே'தான் இந்த சிடியை நான் தூக்கிப் போடாததற்குக் காரணம். கிரெட்சன் பீட்டர்ஸ் எழுதியது, 1994இல் வந்தது. எட்டு வயதில் நடந்ததை ஒரு பெண் நினைத்துப் பார்க்கிறாள். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிறார். ஊரே அறியும், யாரும் வாய் திறக்கவில்லை. ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம், ஊரில் கொண்டாட்டம். குழந்தை வேடிக்கை பார்க்கப் போயிருக்கும் நேரத்தில் வீடு எரிகிறது. சரணங்களை மார்ட்டினா ஊர்வம்பு சொல்வதுபோல் அடக்கித்தான் பாடுகிறார். பல்லவியில் குரல் வெடிக்கிறது. அது சந்தோஷமா, அழுகையா, இத்தனை தடவை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

சில வானொலி நிலையங்கள் இதைப் போடத் தயங்கின. பில்போர்டு இதழின் கன்ட்ரி தரவரிசைப் பட்டியலில் 12ஆம் இடத்தோடு நின்றுபோனது. ஆனாலும் அடுத்த வருடம் சிஎம்ஏ என்கிற கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடல் விருது கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், பல்லவியை மட்டும் காதில் வாங்கிய பலர் இதைத் தேசபக்திப் பாட்டாக்கிவிட்டார்கள். 2008 அமெரிக்கத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளரும் கருக்கலைப்பை எதிர்ப்பவருமான சேரா பேலினின் கூட்டத்திலும் ஒலித்தது. கடுப்பான கிரெட்சன் பீட்டர்ஸ், அந்த நேரத்து ராயல்டியை, கருக்கலைப்பு உரிமைக்காக நிற்கும் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்புக்குக் கொடுப்பதாக அறிவித்தார்.

புதிய நான்கில் 'கான்கிரீட் ஏஞ்சல்' மட்டும் போதும். அடிபட்ட தடத்தை உடைக்குள் மறைத்துக்கொண்டு பள்ளிக்கு வரும் சிறுமி. டீச்சருக்குச் சந்தேகம் வருகிறது, கேட்காமல் விடுகிறார். இசைதான் கொஞ்சம் அதிகமாக அழுகிறது, கிட்டாரை மட்டும் விட்டிருக்கலாம். 'பிளெஸ்ட்' முதலிடம் வரை போன பாட்டு, இனிப்பு தூக்கல். மார்ட்டினா பெரும்பாலும் பிறர் எழுதியதைப் பாடுகிறவர். கன்ட்ரியே கேட்காதவர்களுக்கும் இந்தத் தொகுப்பைத் தயங்காமல் கொடுப்பேன், பாதியைத் தாண்டிப் போகச் சொல்லித்தான்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே 'இண்டிபென்டன்ஸ் டே' கேட்டுக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் தெரியாத அம்மா எட்டிப் பார்த்தார். "யாரைடா இவ இப்படிக் கூப்பிடறா?" கதையைச் சொன்னேன். கையிலிருந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"அந்தக் குழந்தை என்ன ஆச்சு?"

"காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா."

"முதல்ல இருந்து போடு," என்றார்.