அம்பத்தூர் பக்கம் எஃப்எல்பி மோட்டாரை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தின்னர், பெயிண்ட், டொலுயீன் மாதிரி எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்கள் புழங்கும் இடத்தில் எக்ஸாஸ்ட் ப்ளோயர் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எஃப்எல்பி (ஃபிளேம்ப்ரூஃப்) என்பது இப்படித் தீப்பிடிக்கும் ஆவி உள்ள இடங்களுக்கென்றே செய்த மோட்டார். எங்களை ஏமாற்றியவரின் பெயரைப் போடவில்லை. அவர் செய்த வேலையைச் சொல்கிறேன். அதே வேலையைச் செய்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

எங்களுடையது அம்பத்தூர் எஸ்டேட்டில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் சின்ன யூனிட். பராமரிப்பு என் பொறுப்பு. டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது, தரையோடு தவழும். அதனால் மிக்சிங் ரூமில் தரைமட்டத்தில் உறிஞ்சி, வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் ப்ளோயர் வழியாக மேலே அனுப்புகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எஸ்டேட்டுக்குள் வெள்ளம் வந்தபோது ப்ளோயரும் மோட்டாரும் மூழ்கிவிட்டன.

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். "எஃப்எல்பி எல்லாம் நமக்குப் பழக்கம்தான் சார், நாலு நாள்ல ரெடி பண்ணிடலாம்" என்றார். தெரு முழுக்க நனைந்த மோட்டார்கள், எந்தப் பட்டறையிலும் இடமில்லை. சரி என்றேன். ரீவைண்டிங், பேரிங், பெயிண்ட், ப்ளோயர் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய். பாதி முன்பணம். சொன்ன நாளில் கொண்டுவந்து மாட்டினார். உள்ளும் புறமும் சில்வர் பெயிண்ட் பளபளத்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து மிக்சிங் ரூம் பையன் வந்து, "அண்ணே, வாடை போகவே மாட்டேங்குது. ப்ளோயர்ல ஏதோ உரசுற மாதிரி சத்தம் வேற" என்றான். போன் செய்தேன். "புது பேரிங் சார், செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும்" என்று பதில் வந்தது. இரண்டு வாரம் அதை நம்பியிருந்தேன். டொலுயீனின் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது தீப்பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும் வெப்பநிலை, 4 டிகிரி. சென்னையில் எல்லா நாளும் அதற்கு மேலேதான். காற்றில் ஏறக்குறைய 1.1 சதவீதம் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். அந்த இரண்டு வாரமும் அந்தப் பையன் உள்ளேதான் நின்றான். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

கண்டுபிடித்தவர் மணலியில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். பேனல் வேலை ஒன்றுக்காக வந்தவர், சத்தத்தைக் கேட்டதும் நின்றுவிட்டார். "முதல்ல டிரம் எல்லாத்தையும் மூடச் சொல்லுங்க தம்பி. கதவைத் திறந்து விடுங்க. ஆளுங்க வெளிய வரட்டும்" என்றார். அதன் பிறகு வெளியே உள்ள மெயினில் சப்ளையை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மீட்டரில் ஆவி இல்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனரையே எடுக்கவிட்டார்.

எஃப்எல்பி என்றால் மோட்டாருக்குள் ஆவி புகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். "புகும் தம்பி. உள்ளே வெடிக்கவும் செய்யும். அந்த வெடிப்பைத் தாங்கத்தான் கூடு இவ்வளவு கனம். தீ வெளியே வரணும்னா மூடிக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கற மெல்லிய சந்து வழியாத்தான் வரணும். அதுல வர்றதுக்குள்ள ஆறிடும்" என்றார். அந்தச் சந்துதான் மொத்தப் பாதுகாப்பும். எங்கள் மோட்டாரில் சந்தின் இரு பக்கமும் உள்ள உலோக முகங்களை எமரி வைத்துத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து, சிலிக்கான் பசை போட்டு மூடியிருந்தார்கள். எட்டு போல்ட்டில் இரண்டைக் காணோம். அந்த முகங்களில் பெயிண்டே படக்கூடாது. துருப் பிடிக்காமல் இருக்க, இறுகிப்போகாத கிரீஸ் மட்டும் பூசலாம். போல்ட் ஒன்று குறைந்தாலும், உள்ளே வெடிக்கும்போது அந்த இடத்தில் சந்து விரிந்துவிடும்.

கேபிள் நுழையும் இடத்தில் சாதாரண பிளாஸ்டிக் கிளாண்ட். பயன்படாத இன்னொரு துளையை எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். டக்ட்டின் கேன்வாஸ் இணைப்பைத் தாண்டிப் போகும் எர்த் பட்டையைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. வாடை ஏன் போகவில்லை என்பதும் தெரிந்தது. இரண்டு பேஸ் மாறி ப்ளோயர் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த வகை ப்ளோயர் தலைகீழாக ஓடினாலும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், ஆனால் மிகக் குறைவாகத் தள்ளும். கையை வைத்துப் பார்த்தால் காற்று வருவதுபோலவே இருக்கும். காற்று குறைந்தால் மிக்சரை நிறுத்தும் ஏர்ஃப்ளோ சுவிட்ச் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அது அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ஒரு துண்டு வயரால் ஷார்ட் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய அதிர்ச்சி இம்பெல்லர் பக்கம்தான், அதாவது ப்ளோயருக்குள் சுழலும் விசிறிப் பக்கம். காற்று உள்ளே நுழையும் இடத்தில் முதலில் ஒரு பித்தளை வளையம் இருந்தது. பேரிங் தேய்ந்து இம்பெல்லர் இறங்கினால் அது பித்தளையில்தான் உரச வேண்டும், அப்போது பொறி எளிதில் கிளம்பாது. அந்த வளையத்தைக் கழற்றிவிட்டு இரும்பு வளையம் வெல்டு செய்திருந்தார்கள். உரசியது இரும்போடு இரும்பு. உள்ளே துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அலுமினியம் கலந்த சில்வர் பெயிண்ட். துருவும் அலுமினியமும் சேர்ந்த இடத்தில் பலமாக அடிபட்டால் கிளம்பும் பொறி சாதாரணப் பொறியைவிடச் சூடானது என்றார் பெரியவர்.

ரிப்பேர் செய்தவரிடம் போனில் கேட்டேன். "பித்தளை தேஞ்சிருந்தது சார், இரும்புன்னா ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றார். நான் விடாமல் கேட்கவே, "மோட்டார் ஓடுதா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்று கத்தினார். பழைய வளையம் காயலான் கடைக்குப் போயிருக்கும். ரிப்போர்ட் கேட்டதற்கு லெட்டர்பேடில் 'செக்டு ஓகே' என்று ஒரு வரி அனுப்பினார். மீதிப் பணத்தை நான் கொடுக்கவில்லை. கொடுத்த பாதி போனதுதான். ஒன்பது நாள் மிக்சிங்கை நிறுத்தி வைத்து, எஃப்எல்பி ரிப்பேருக்கென்றே வசதியுள்ள இடத்தில் மறுபடி செய்தோம்.

இந்த வகை மோட்டாரின் ரிப்பேருக்கு ஐஇசி 60079-19 என்றும், ஆய்வு, பராமரிப்புக்கு 60079-17 என்றும் தனித்தனிச் சர்வதேசத் தரநிலைகள் உண்டு. வேலைக்கு வருபவரிடம் முதலில் இந்த இரண்டையும் பற்றிக் கேளுங்கள். முழித்தால் அனுப்பிவிடுங்கள். கழற்றும் முன் நேம்பிளேட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் எண், கேஸ் குரூப் (எந்த வகை ஆவிக்கு ஏற்றது), வெப்பநிலை வகுப்பு (மோட்டார் அதிகபட்சம் எவ்வளவு சூடாகும்) எல்லாம் அதில்தான் இருக்கும். எங்களுடையதில் பெயிண்ட் அடித்து எழுத்தே தெரியாமல் செய்துவிட்டார்கள். திரும்பி வரும்போது சந்தின் அளவு, இன்சுலேஷன், என்னென்ன பாகம் மாற்றினார்கள் என்பதெல்லாம் எண்களோடு எழுத்தில் வேண்டும். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு அவசரத்தில் ரிப்பேர் செய்த மோட்டார் உங்களிடம் ஓடிக்கொண்டிருந்தால், திறக்காமலே பார்க்கக்கூடியவை சில உண்டு. மூடி ஓரத்தில் சிலிக்கான் பிதுங்கியிருக்கிறதா, எல்லா போல்ட்டும் இருக்கிறதா, கிளாண்ட் பிளாஸ்டிக்கா, எர்த் பட்டை இரண்டு முனையிலும் பிடித்திருக்கிறதா, நிறுத்தும்போது இம்பெல்லர் அம்புக்குறி காட்டும் பக்கமாகத்தான் சுற்றி நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்று தப்பாக இருந்தாலும் நீங்களே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். டிரம்களை மூடி, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.