குவாட்பிளேன் நீண்ட நாள் அனுபவம்: போவது சுலபம், திரும்புவதுதான் பாடு

நான்கு தூக்கு மோட்டார், பின்னால் ஒரு தள்ளு மோட்டார், சாதாரண விமான இறக்கை. ஆர்டுபைலட் என்ற பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இயங்கும் இந்த ஆளில்லாக் குவாட்பிளேனைச் சில வருஷங்களாகப் பறக்கவிடுகிறேன். நேரே எழும்புவதிலோ சமமாகப் பறப்பதிலோ குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டியின் லட்சணம் தெரிவது இடையில் மாறும்போதுதான்.

மிதப்பிலிருந்து, இறக்கையால் பறக்கும் எஃப்.பி.டபிள்யூ.ஏ. மோடுக்குத் தட்டியதும் தள்ளு மோட்டார் வேகம் பிடிக்கும். தூக்கு மோட்டார்கள் எடையை விடாது. காரணம் உண்டு. இறக்கை தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி வேகத்தில் அது கால்வாசி எடையைத்தான் தாங்கும். பிட்டோ குழாய் காட்டும் காற்றுவேகம் குறைந்தபட்ச அளவைத் தொட்ட பிறகே தூக்கு மோட்டார்கள் தணியத் தொடங்கும். அப்படித் தணிந்து முடிய வழக்கமான அமைப்பில் 5000 மில்லிநொடி ஆகும். பேட்டரி மிச்சம் என்று இதைக் குறைப்பவர்கள் உண்டு. நான் கை வைப்பதில்லை. கீழே நின்று கேட்டாலே தெரியும்: நான்கு மோட்டார்களின் கீச்சொலி படிப்படியாக இறங்கி, தள்ளு மோட்டாரின் உறுமல் மட்டும் மிஞ்சும். அந்தச் சத்தம் திடீரென அறுந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

எல்லாமே பிட்டோ குழாயை நம்பி இருக்கிறது. அதில் ஈரமோ பூச்சியோ அடைத்து வேகம் குறைவாகக் காட்டினால் மாற்றம் முடியவே முடியாது, ஐந்து மோட்டாரும் பேட்டரியைக் குடிக்கும். இத்தனை நொடிக்குள் முடியாவிட்டால் கைவிடு என்று சொல்லும் க்யூ டிரான்ஸ் ஃபெயில் அளவுருவைப் பூஜ்யத்தில் விடாதீர்கள்.

திரும்பி மிதப்புக்கு வருவதுதான் எனக்கு இன்னும் பிடிக்காத பகுதி. மூக்கைத் தூக்கினால் இறக்கை சும்மா இருக்காது, விமானம் ஜிவ்வென்று மேலே ஏறும். மெதுவாகக் குறைத்தால் தூரம் இழுக்கும். நொடிக்கு 18 மீட்டரில் வந்து, நொடிக்கு 2 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால் நிற்க 81 மீட்டர் ஆகும். பின்னாலிருந்து நொடிக்கு 5 மீட்டர் காற்று தள்ளினால் 130-ஐத் தாண்டும். ஆகவே எப்போதும் எதிர்காற்றில்தான் திருப்புகிறேன். 1954-ல் பறந்த, வாலில் நின்றபடி எழும்பி வாலிலேயே இறங்கும் கான்வேர் போகோ விமானத்தில் பைலட் தோளுக்கு மேல் பின்னால் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டியிருந்ததாம். நாமாவது தரையில் நிற்கிறோம்.

அசிஸ்ட் வசதிக்கு முழு மதிப்பெண். காற்றுவேகம் நாம் குறித்த அளவுக்குக் கீழே போனால் தூக்கு மோட்டார்கள் தாமாக விழித்துத் தாங்கிக்கொள்கின்றன. சமப்பறப்பில் அந்த நான்கும் வெறும் சுமைதான், நின்றுபோன விசிறிகள் காற்றை வேறு தடுக்கின்றன. இருந்தும், மோட்டாரையே சாய்த்துப் பறக்கும், அதைச் சாய்க்கும் ஒரு செர்வோ சிக்கினால் கதை முடியும் டில்ட்ரோட்டரைவிட எனக்கு இந்தச் சுமையே தேவலை.