மூன்று நிமிடம் கிடைத்தால் எந்த ஆப்?

அதிகாலை மூன்றரை. நெஞ்சை அழுத்திச் செய்த சிபிஆர் முடிந்து, நோயாளியை ஐசியூவுக்கு மாற்றியாகிவிட்டது. மருந்து அறையில் கிளவுஸைக் கழற்றி, கை கழுவிவிட்டுப் போனை எடுத்தால் கைரேகையை ஏற்க மாட்டேன் என்கிறது. விரல் ஈரம். பின் நம்பர் போட்டு ஆப்பைத் திறந்தால், ‘இப்போது எப்படி உணர்கிறீர்கள்?’ என்று ஐந்து முகங்கள். அதில் ஒன்றைத் தொடுவதற்குள் காலிங் பெல்.

மன அழுத்தத்துக்கான ஆப்களை ஒப்பிடும்போது இந்த மருந்து அறைதான் எனக்கு அளவுகோல். ஸ்டார் ரேட்டிங்குகள் பெரும்பாலும் சோபாவில் சாய்ந்துகொண்டு போட்டவை. வார்டில் நிற்கிற நர்ஸுக்குக் கேள்விகள் மூன்று: டியூட்டி நடுவே கிடைக்கிற இரண்டு மூன்று நிமிடத்தில் வேலைக்கு ஆகுமா? நைட் முடிந்து பகலில் படுக்கும்போது உதவுமா? அதில் நாம் கொட்டுவதெல்லாம் யார் கைக்குப் போகிறது?

மூச்சுப் பயிற்சி ஆப்களில் பெரிதாக ஒன்றும் இருக்காது. திரையில் ஒரு வட்டம் விரியும், சுருங்கும். அதோடு சேர்ந்து மூச்சை இழுத்து விட வேண்டும். இருந்தாலும் என் முதல் ஓட்டு இதற்குத்தான். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தினம் 5 நிமிடம் என ஒரு மாதத்துக்குச் சிலருக்கு மூச்சுப் பயிற்சியும் சிலருக்கு மைண்ட்ஃபுல்னஸ் (நிகழ்கணத்தில் கவனம் வைக்கும்) தியானமும் கொடுத்துப் பார்த்தார்கள். பதற்றம் இரு தரப்பிலும் குறைந்தது. மனநிலை முன்னேறியதில் மூச்சுப் பயிற்சி ஒரு படி மேலே நின்றது, அதிலும் குறிப்பாகப் பெருமூச்சு முறை. மூக்கால் ஒரு முறை இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாய் வழியாக நீளமாக விடுவது. நர்ஸ்களுக்கென்று நடத்திய ஆய்வல்ல அது. ஆனால் அதன் சூட்சுமம் நமக்குப் புதிதில்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் ஏறி, விடும்போது இறங்குவதை மானிட்டரில் பார்த்திருப்போம், சைனஸ் அரித்மியா. வெளிமூச்சை நீட்டினால், இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்கி, துடிப்பு தணிகிறது.

ஒரு வாரம் பழகிவிட்டால் போனே தேவையில்லை என்பதுதான் இதன் பெரிய லாபம். ஐவி லைன் போடப் போகும் வழியில், மாஸ்க்குக்குள்ளேயே முடித்துவிடலாம். மூச்சைப் பிடித்து வைக்கச் சொல்லும் ரகங்களை மட்டும் தள்ளி வையுங்கள். ஓடி வந்து மூச்சு வாங்கும்போது அது இன்னும் திணறடிக்கும்.

அடுத்து தியான ஆப்கள். 2010-இல் வந்த ஹெட்ஸ்பேஸ், 2012-இல் வந்த காம் இரண்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. இவற்றின் வேர், ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 8 வாரப் பயிற்சி. அங்கே வாராவாரம் வகுப்பு, வீட்டுப்பாடம், கூட உட்கார ஆட்கள் எல்லாம் உண்டு. ஆப்பில் மிஞ்சியிருப்பது பத்து நிமிடக் குரலும் நாமும்தான். டியூட்டி நடுவே இது நடக்காது. நைட் முடிந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுக்கிற நேரத்துக்கு நன்றாகவே உதவும், அதிலும் தூக்கத்துக்கான ஒலிகள். ‘இந்த நாள் முடிந்துவிட்டது, இரவு அமைதியாகிறது’ என்று அந்தக் குரல் சொல்லும்போது வெளியே வெயில் கொளுத்தும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் போட்டுப் பார்த்த ஒன்றில் தியானம் முடிந்ததும் ஒரு மணி ஒலிக்கும். அச்சு அசல், நரம்பில் மருந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப்பின் அலாரம். கண்ணை மூடியபடியே பம்பை மியூட் செய்யக் கை நீட்டினேன். அன்றைக்கே அந்த ஆப் போனைவிட்டுப் போனது.

சந்தா கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு. மனநல ஆப்களின் பயன்பாட்டை அளந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், 30 நாள் கழித்தும் திறந்து பார்ப்பவர்களின் விகிதம் இடைநிலைக் கணக்கில் 3.3 சதவீதம்தான். ஆகவே ஆண்டுச் சந்தா வேண்டாம். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை தரும் ‘மைண்ட்ஃபுல்னஸ் கோச்’ இலவசம், கணக்குத் தொடங்கவும் கேட்காது. அதில் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் மற்றதை யோசிக்கலாம்.

சாட்பாட்கள் எனக்கு இரண்டும்கெட்டான். வைசா மாதிரியானவை, சிபிடி என்ற மனநல சிகிச்சை முறையில் நம் எண்ணத்தைப் பிடித்துத் திருப்பிக் கேள்வி கேட்கும். நாலு மணிக்கு யாரை எழுப்பிப் புலம்புவது என்றிருக்கும்போது அது ஆறுதல்தான். ஆனால் நம் புலம்பலில் நோயாளி இல்லாமல் இருக்கமாட்டார். பெயர் போடாவிட்டாலும் வயது, நோய், நடந்த நேரம் மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வார்டுக்கு வெளியே வாயே திறக்காதவர்கள், இந்தப் பெட்டியில் கேஸ் ஷீட் மாதிரி எழுதித் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியத்தை மட்டும் எழுதுங்கள், ‘அவர்’ வேண்டாம். இன்னொன்று, இவை எந்நாளும் இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. 2017-இல் வந்து பெயர் வாங்கிய வோபாட் 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றுபோனது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் சாட்பாட்டிடம் நிற்கவே கூடாது, நேராக மனிதரிடம் போக வேண்டும்.

விரலை கேமராவில் வைத்தால் துடிப்பை அளந்து ‘ஸ்ட்ரெஸ் ஸ்கோர்’ காட்டும் வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கை சில்லிட்டால் பல்ஸ் ஆக்ஸிமீட்டரே தடுமாறுவதைத் தினமும் பார்க்கிறவர்கள் நாம். நோயாளியைத் தூக்கிப் படுக்க வைத்தாலும் துடிப்பு ஏறும், அழுதாலும் ஏறும்.

கடைசியாக, நிர்வாகமே இறக்கித் தரும் ஆப். இதில்தான் நான் கறாராக இருப்பேன். பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களை வைத்து வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், நலவாழ்வு ஆப், மனவலிமைப் பயிற்சி போன்றவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்க நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் சக ஆய்வாளர்களும் 2002-லேயே வேறு கணக்கு காட்டிவிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம், அவர் வேலையில் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அந்த ஒரு நோயாளியைக் குறைக்கும் பட்டன் எந்த ஆப்பிலும் இல்லை.

போதாததற்குத் தரவு வேறு. ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2023-இல் 78 லட்சம் டாலருக்குத் தீர்வானது. வெளி நிறுவனமே அப்படியென்றால், சம்பளம் போடும் இடம் தரும் ஆப்பில் ‘வேலையைவிட்டுப் போகலாமா என்று தோன்றுகிறது’ என்று எழுதுவதற்கு முன் பிரைவசி பக்கத்தைத் திறந்து, நிர்வாகத்துக்கு என்ன அறிக்கை போகும் என்று தேடுங்கள். ‘வார்டு வாரியாக’ என்றிருந்தால், ஆறு பேர் இருக்கும் வார்டில் அது பெயர் வாரியாகத்தான். லாகின் பண்ண ஊழியர் எண் கேட்டால் நான் அங்கேயே மூடிவிடுவேன்.