கோவையில் ஸ்லீவ் ஆபரேஷன், கோத்தகிரியில் முதல் மூன்று மாதம்

போன நவம்பர் முதல் வாரம் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு எடை குறைப்பதற்கான ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. வயது 44, உயரம் 157 செ.மீ., முடிவெடுத்த அன்று எடை 118 கிலோ, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மூன்று மாதம் முடிந்தபோது 96. ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு வாழைக்காய் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள், எனக்கு வயிற்றில் ஐந்து சின்னத் தழும்புதான். நான் எழுத வந்தது வீட்டுக்கு அனுப்பிய பிறகு வரும் முதல் எட்டு வாரத்தைப் பற்றி. பணம் கட்டும்போது அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

முதலில் எடை. ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம், கொழுப்பு சேர்ந்த கல்லீரல் சுருங்கி டாக்டருக்கு இடம் கிடைப்பதற்காக, பெரும்பாலும் புரோட்டீன் பவுடரும் சூப்பும்தான். அதிலேயே நாலரை கிலோ குறைந்து 113.5. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து ஏறி நின்றால் 115! வயிற்றையே வெட்டியும் எடை ஏறிவிட்டதே என்று அன்று இரவு அழுதேன். அது ஆஸ்பத்திரியில் ஏற்றிய குளுக்கோஸ் தண்ணீர், நாலு நாளில் போய்விடும் என்று போனில் சொன்னார்கள், அப்படியே போனது. 15-ஆம் நாள் 108.4. அப்புறம் 26-ஆம் நாள் வரை அதே 108.4. பதினொரு நாள், தினமும் காலையில் பல் விளக்கியதும் அதே எண். நாள் முழுக்க உள்ளே போவது நாலு கிண்ணம் கஞ்சித் தண்ணியும் புரோட்டீனும், அதிலும் குறையவில்லை என்றால் ஆபரேஷன் வீண் என்றே முடிவுகட்டிவிட்டேன்.

இது மூன்றாவது வாரத்தை ஒட்டிப் பலருக்கும் வருவது என்று முன்கூட்டியே ஒருவராவது சொல்லியிருக்கலாம், அதுதான் எனக்கு ஆதங்கம். உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கொஞ்சம் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு நின்றதும் முதலில் கரைவது அதுதான், அதனால்தான் முதல் இரண்டு வாரம் மளமளவென்று இறங்குகிறது. பிறகு உடம்பு தண்ணீரைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது, கொழுப்பு குறைந்துகொண்டிருந்தாலும் மெஷினில் தெரிவதில்லை. அந்தப் பதினொரு நாளில்தான் என் கையில் இறுகிப் போயிருந்த கல்யாண வளையல் சோப்பு போடாமலே கழன்று வந்தது. 27-ஆம் நாள் எடை மறுபடி இறங்கத் தொடங்கியது. இப்போது வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் பார்க்கிறேன்.

இன்னொருவரோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். அதே நாளில் ஆபரேஷன் முடித்த திருப்பூர்க்காரர் ஒருவருக்கு முதல் மாதத்திலேயே 16 கிலோ போனது, ஆனால் அவர் 150-க்கு மேல் இருந்தவர், எடை அதிகமாக இருந்தால் ஆரம்பத்தில் வேகமாகவே இறங்கும். உயரத்துக்கு மிஞ்சி இருக்கும் கூடுதல் எடையில் எவ்வளவு போயிருக்கிறது என்றுதான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். எனக்குக் கூடுதல் சுமார் 56 கிலோ, அதில் 22 போயிருக்கிறது. பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வருடத்தில் பாதிக்கு மேல் போகும் என்பதால் சரியான பாதைதான் என்றார் டாக்டர்.

இந்த மருத்துவமனைக்கு நான் முழு மனதோடு நன்றி சொல்வது அந்த டயட்டீஷியன் பெண்ணுக்காக. முதல் மாதம் வாரம் இரண்டு தடவை அவரே கூப்பிடுவார், எடுத்தவுடன் கேட்பது எடையை இல்லை. "மேடம், இன்னைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனீங்க? என்ன கலர்ல போச்சு?" ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும், ஆனால் ஒரு மடக்குக்கு மேல் குடித்தால் நெஞ்சில் வந்து நிற்கும். கோத்தகிரி குளிரில் தாகமே எடுக்காது, அதுவும் மார்கழியில் ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வருகிறது. அவர் சொன்னபடி பிளாஸ்கில் வெந்நீர் வைத்து, இருமல் மருந்து மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்தேன். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் விட வேண்டும். புரோட்டீன் குறைந்தது 60 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்று தெரிந்தபோதுதான் பவுடர் ஏன் என்று புரிந்தது. டீத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் எங்களுக்கு டீ இல்லாமல் பொழுது போகாது, ஆனால் இரும்புச்சத்து மாத்திரையோடு டீ சேர்ந்தால் உடம்பு இரும்பைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. கால்சியத்துக்கும் இரும்புக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இதெல்லாம் அச்சடித்த சார்ட்டில் இல்லை, அவர் வாயால் சொன்னது.

குறை என்று சொன்னால் இரண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் "பழைய மாத்திரைகளைத் தொடரவும்" என்று எழுதிவிட்டார்கள். இரண்டாவது வாரம் அடுப்பங்கரையில் எழுந்து நின்றதும் கண் இருட்டி, நாத்தனார் பிடிக்கவில்லை என்றால் விழுந்திருப்பேன். இங்கே எங்கள் டாக்டர் பார்த்தால் பிரஷர் 90/60. அவர் கோவைக்குப் போன் போட்டுப் பேசி பிரஷர் மாத்திரையை நிறுத்தினார், சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கினார். சாப்பாடு இவ்வளவு குறைந்தால் இரண்டும் சீக்கிரம் இறங்கும், முதல் நாளிலிருந்தே வீட்டில் அளந்து எழுதி வையுங்கள், டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இரண்டாவது, மலைக்காரர்களைப் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை. பத்தாம் நாள் நேரில் வந்தே ஆக வேண்டும் என்றார்கள். ஐப்பசி மழை, கோவைக்கு இறங்கும் வழியில் குஞ்சப்பனைக்கு மேலே மண் சரிந்து ஒரு மணி நேரம் கார் நகரவில்லை, கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டி, தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். காய்ச்சல், நாடித்துடிப்பு வேகம், தாங்க முடியாத வயிற்று வலி, மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே போக வேண்டும் என்கிறார்கள், இங்கிருந்து இரண்டு மணி நேரம் ஆகுமே. ஊட்டியோ குன்னூரோ கோத்தகிரியோ, முதல் பத்து நாள் கீழேயே சொந்தக்காரர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிவிடுங்கள்.

மூன்றாம் மாதம் தொடங்கியதும் முடி கொத்துக் கொத்தாக வந்தது, ஆறேழு மாதத்தில் நின்று திரும்ப வளரும் என்கிறார்கள். கொழுப்பு குறைந்ததால் குளிரும் முன்னைவிட அதிகமாகத் தெரிகிறது, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். வேகமாக எடை குறைந்தால் பித்தக்கல் வரலாம் என்று அதற்கும் ஒரு மாத்திரை.

ஆறாம் மாத ரத்தப் பரிசோதனைக்கு இறங்கி வரச் சொன்னார்கள். இந்த முறை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரும்பு, பி12, வைட்டமின் டி எல்லாம் இங்கேயே ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்புகிறேன், டாக்டர் வீடியோவில் பார்க்கட்டும் என்றேன், சரி என்றுவிட்டார்கள். மலையிலிருந்து போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.