அனலாக் சிந்தசைசரில் சுருதிச் சீரமைப்பு: நான்காண்டு அனுபவம்

மினிமூக் என்ற பழைய சிந்தசைசரின் வடிவமைப்பைப் பின்பற்றிய, மூன்று ஆசிலேட்டர்கள் (ஒலியலையை உண்டாக்கும் மின்சுற்றுகள்) கொண்ட அனலாக் சிந்தசைசர் ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் ஒலியில் எனக்கு இன்றுவரை குறையே இல்லை. வாங்குவதற்கு முன் பலரும் விசாரிக்காத சுருதிச் சீரமைப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதல் ஆண்டில், கீழ் ஸ்தாயியில் சேர்ந்திருந்த சுருதி மேல் ஸ்தாயியில் விலகி நின்ற ஒவ்வொரு முறையும், ஸ்தாயிகளின் இடைவெளியைச் சரிசெய்யும் சிறு திருகான ஸ்கேல் டிரிம்மரைத் திருப்பினேன். மறுநாள் பிழை எதிர்த் திசையில் தென்படும். கருவி சூடேறுவதற்கு முன்பே அளந்தேன் என்பதுதான் காரணம்.

விசைப்பலகை ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் வீதம், அதாவது அரைச்சுரத்துக்குச் சுமார் 83 மில்லிவோல்ட், அனுப்புகிறது. ஒவ்வொரு வோல்ட்டுக்கும் அதிர்வெண்ணை இரட்டிக்கச் செய்யும் டிரான்சிஸ்டர் இணையின் இயல்பு வெப்பநிலையைச் சார்ந்தது. அறை வெப்பத்தில் ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் அந்த விகிதம் ஏறத்தாழ 0.33 சதவீதம் மாறும். சுருதி இடைவெளியை அளக்கும் சென்ட் என்ற அலகில் ஒரு ஸ்தாயி 1200 என்பதால், ஈடுசெய்யாவிட்டால் டிகிரிக்கு 4 சென்ட் பிழை வரும். இரண்டு ஸ்தாயி தள்ளி வாசித்தால் அது 8 ஆகும். வெப்பத்தோடு சேர்ந்து தன் மதிப்பு மாறும் மின்தடை ஒன்று இதைப் பெருமளவு சரிக்கட்டுகிறது என்றாலும், அதுவும் டிரான்சிஸ்டரும் ஒரே சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். ஆகவே இப்போது அரை மணி நேரம் இயக்கி வைத்து, ஏசியின் காற்று கருவிமேல் நேராகப் படாதபடி பார்த்துக்கொண்ட பிறகே டிரிம்மரைத் தொடுகிறேன்.

மற்ற இரு ஆசிலேட்டர்களையும் அணைத்துவிட்டு, கீழ் 'ஏ' சுரத்தை டியூன் குமிழால் சரியாக 110 ஹெர்ட்ஸில் நிறுத்துகிறேன். பிறகு இரண்டு ஸ்தாயி மேலே வாசிக்கும்போது 440 வர வேண்டும். கூடினால் ஸ்கேல் டிரிம்மரைச் சற்றுக் குறைக்கிறேன். அப்படித் திருப்பும்போது கீழ்ச் சுரமும் நகர்ந்துவிடும் என்பதால் மறுபடி 110-க்குத் திரும்ப வேண்டும். ஐந்தாறு முறை மேலும் கீழும் போய்வந்தால்தான் இரண்டும் ஒருசேர நிற்கும். பொறுமையிழந்து இடையில் விட்டால் அடுத்த வாரமே மீண்டும் உட்கார வேண்டியிருக்கும்.

மிக உயர்ந்த சுரங்கள் மட்டும் இறங்கி ஒலித்தால் அது ஸ்கேலின் பிழையன்று. ஆசிலேட்டரின் மின்தேக்கி ஒவ்வொரு அலைச் சுற்றிலும் காலியாவதற்கு எடுக்கும் சிறு நேரம் மாறாதிருப்பதால், அலைச் சுற்று குறுகக் குறுக அதன் பங்கு கூடுகிறது. அதற்கென்று தனி டிரிம்மர் உண்டு, அதைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

முதல் ஆசிலேட்டர் அமைந்தபின் மற்ற இரண்டையும் காதாலேயே சேர்க்கிறேன். 440-உம் 441-உம் சேர்ந்தால் நொடிக்கு ஒரு விம்மல் கேட்கும். அது மெல்ல மெல்ல நீண்டு அடங்குவதைத் தம்புரா மீட்டிப் பழகிய காது டியூனரைவிட நுட்பமாகக் கண்டுகொள்கிறது.

இப்போது ஆண்டுக்கு இருமுறைக்கு மேல் டிரிம்மரைத் தொடுவதில்லை. 1978-இல் வந்த புராஃபட்-5 சிந்தசைசர் போலத் தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் வசதி இக்கருவியில் இல்லாததால், ஏறியவுடன் வாசிக்க வேண்டிய மேடைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டு ஒலிப்பதிவுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.